கன்றுக்குட்டிக்குப் பெயர் இருக்கிறது, லூசிக்கு இல்லை: லிங்கனின் பாட்டியைத் தேடிய ஒரு வழக்கு

1793 ஜனவரி 8-ஆம் தேதி, கென்டக்கி மாநிலத்தின் நெல்சன் கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற பிரிவு, ஆவணங்கள் அதன் நீதிமன்றத்தில் இருக்கும்) ஜோசப் ஹாங்க்ஸ் என்ற விவசாயி ஓர் உயில் எழுதி வைத்தார். சிறிய உயில்தான். மகன்கள் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு குதிரை. மேஜர், பானி, கில்பர்ட், டோப் என்று குதிரைகளின் பெயர்களைக்கூட விடாமல் சொல்லியிருக்கிறார். ஜோசப் என்ற தன் பெயரையே கொண்ட மகனுக்குக் குதிரையோடு குடியிருந்த 150 ஏக்கர் நிலமும் சேர்கிறது. மகள்கள் மூவருக்கும் ஆளுக்கொரு கிடாரிக் கன்று: எலிசபெத்துக்கு ஜென்டில், பாலிக்கு லேடி, நான்சிக்குப் பைடி. மற்றதெல்லாம் மனைவி உயிரோடு இருக்கும்வரை மனைவிக்கு. அதன்பின் "என் எல்லாப் பிள்ளைகளுக்கும்" சமமாகப் பிரிய வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் இந்த உயில் நீதிமன்றப் பதிவேட்டில் ஏறியது.

ஆபிரகாம் லிங்கனின் தாய் பெயரும் நான்சி ஹாங்க்ஸ்தான். அவரைப் பெற்றவர் யார் என்ற கேள்விக்கு நூறாண்டுக்கு மேல் சண்டை நடந்தது. அந்தச் சண்டையில் எல்லாத் தரப்பும் திரும்பத் திரும்ப வந்து நின்ற இடங்களில் ஒன்று இந்த உயில். 1899-இல் வெளியான ஒரு நூல், கிடாரி பைடியைப் பெற்ற நான்சிதான் லிங்கனின் தாய் என்று அடித்துச் சொன்னது. நிலபுலன் உள்ள அப்பா, முறையாகக் கல்யாணமான அம்மா, சொத்தில் பங்கு. ஓர் அதிபரின் தாய்க்கு இதைவிடக் கௌரவமான பிறப்பு வேறு என்ன வேண்டும்? ஆனால் அது வேறொரு நான்சி.

அது எப்படித் தெரிந்தது என்பதை முழுதாகச் சொல்லப் பார்க்கிறேன். அமெரிக்க எல்லைப்புறத்தில் மூதாதையரைத் தேடுபவர்களுக்கு வரும் எல்லாச் சிக்கலும் இந்த ஒரே குடும்பத்தில் இருக்கிறது.

பதிவு ஏன் இல்லை

1784 வாக்கில் வர்ஜீனியாவில் பிறந்த ஓர் ஏழைப் பெண்ணுக்கு என்ன காகிதம் இருக்கும்? பிறப்புச் சான்றிதழ் என்ற வழக்கமே அங்கு அப்போது இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-இல் தொடங்கியது. ஆனால் கென்டக்கியின் 1790, 1800 கணக்கெடுப்புத் தாள்கள் இரண்டுமே இன்று இல்லை. இருந்திருந்தாலும் பெரிதாக உதவியிருக்காது. 1840 வரை வீட்டுத் தலைவரின் பெயரை மட்டும்தான் எழுதினார்கள், மற்றவர்கள் வெறும் தலை எண்ணிக்கை. வீட்டில் உள்ள எல்லோரின் பெயரும், அடிமைகள் நீங்கலாக, 1850-இலிருந்துதான் வருகிறது. நான்சி 1818 அக்டோபர் 5-ஆம் தேதி இந்தியானாவில் இறந்துவிட்டார், வெள்ளைப் பாம்புவேர்ச் செடியைத் தின்ற மாட்டின் பாலால் வரும் நோயில். எந்தக் கணக்கெடுப்பிலும் அவர் பெயராக இடம்பெறவே இல்லை.

அப்புறம், கவுண்டிகள் உடைந்துகொண்டே இருந்தன. கென்டக்கி 1792 ஜூன் வரை வர்ஜீனியாவின் ஒரு பகுதி. 1780-இல் மூன்று கவுண்டிகளாக இருந்தது, அடுத்த சில ஆண்டுகளில் நெல்சன், மெர்சர், வாஷிங்டன், ஹார்டின் என்று பிரிந்துகொண்டே போனது. ஒரே வீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தவருக்கும் பத்தாண்டில் நீதிமன்றம் மாறியிருக்கும்.

லிங்கனின் அப்பா வழியில் இந்தக் கஷ்டம் குறைவு. காரணம் நிலம். தாத்தா ஆபிரகாம் லிங்கன் வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியிலிருந்து வந்து, ஜெஃபர்சன் கவுண்டியில் லாங் ரன் ஓடைக்கரையில் 400 ஏக்கர் பதிவு செய்தார். எழுத்தர் அவர் பெயரை 'லிங்க்ஹார்ன்' என்று எழுதி வைத்தார். காதில் விழுந்ததை எழுதும் காலம் அது. ஷாவ்னி முதலான பூர்வகுடிகள் தங்கள் வேட்டை நிலத்துக்காகப் போரிட்டுக்கொண்டிருந்த ஆண்டுகள். 1786 மே மாதம் நிலத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது அவர் தாக்கிக் கொல்லப்பட்டார். பேரன் லிங்கன் 1859-இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் இந்தச் சாவை இரண்டு மூன்று ஆண்டு முன்னால் தள்ளி வைக்கிறார். குடும்பத்தில் வாய்வழியாக வந்த தேதி நழுவியிருக்கிறது, நிலப் பதிவு நழுவவில்லை. அந்தப் பதிவுகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனவர்கள் பென்சில்வேனியா, நியூஜெர்சி வழியாக, 1637-இல் இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸின் ஹிங்காமுக்கு வந்த சாமுவேல் லிங்கன் வரை போய்விட்டார்கள். லிங்கனே 1848-இல், தான் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது, ஹிங்காம் லிங்கன்களுக்குக் கடிதம் எழுதி விசாரித்திருக்கிறார். மொர்தெகாய், சாலமன், ஆபிரகாம் என்று இரு குடும்பத்திலும் ஒரே பெயர்கள் வருகின்றன என்பதைத் தாண்டி அவரால் அன்று போக முடியவில்லை.

அம்மா வழி பற்றி அதே 1859 குறிப்பில் அவர் சொன்னது மிகக் கொஞ்சம். அம்மாவும் வர்ஜீனியாவில் பிறந்தவர், ஹாங்க்ஸ் என்ற குடும்பம், உறவினர் சிலர் இல்லினாயில் இருக்கிறார்கள். அவ்வளவுதான். பாட்டியின் பெயரோ தாத்தாவின் பெயரோ இல்லை.

தவறான நீதிமன்றத்தில் தேடினார்கள்

முதலில் கல்யாணம். லிங்கனின் பெற்றோர் ஹார்டின் கவுண்டியின் எலிசபெத்டவுனில் குடித்தனம் நடத்தியவர்கள். மூத்த மகள் சாரா 1807 பிப்ரவரியில் பிறந்தது அங்கேதான். அதனால் எல்லோரும் ஹார்டின் ஏடுகளைப் புரட்டினார்கள். அங்கே லிங்கனின் அப்பா தாமஸ் லிங்கன் பெயரில் ஒரு கல்யாணம் இருந்தது. ஆனால் அது 1819 டிசம்பரில் சாரா புஷ் ஜான்ஸ்டன் என்ற விதவையோடு நடந்த இரண்டாம் கல்யாணம். 1860-இல் லிங்கன் அதிபர் வேட்பாளரானபோது, எலிசபெத்டவுனைச் சேர்ந்த சாமுவேல் ஹேக்ராஃப்ட் இவரைத்தான் லிங்கனின் தாய் என்று நினைத்துக் கடிதம் போட்டார். நீங்கள் தவறாக எண்ணுகிறீர்கள், என் தாயின் பெயர் நான்சி ஹாங்க்ஸ் என்று லிங்கன் திருத்திப் பதில் எழுதினார்.

முதல் கல்யாணத்தின் காகிதம் கிடைக்கவில்லை என்றதும் ஊர் வாய் திறந்துகொண்டது. கல்யாணமே நடக்கவில்லை, லிங்கனின் அப்பா தாமஸே இல்லை, என்லோ என்றும் இன்னும் யார் யார் பெயரோ. லிங்கன் இறந்தபிறகும் அது ஓயவில்லை.

1878-இல் வாஷிங்டன் கவுண்டியின் ஸ்பிரிங்ஃபீல்டு நீதிமன்றத்தில், எழுத்தர் புக்கர் பழைய கட்டுகளைப் பிரித்தபோது அது வந்தது. 1806 ஜூன் 10-ஆம் தேதியிட்ட கல்யாண ஜாமீன் பத்திரம். தாமஸ் லிங்கனும் ரிச்சர்ட் பெர்ரியும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அதோடு, தான் நடத்திவைத்த கல்யாணங்களைப் பட்டியலிட்டு மெதடிஸ்ட் போதகர் ஜெஸ்ஸி ஹெட் ஒப்படைத்த தாளும் இருந்தது. அதில் ஜூன் 12, தாமஸ் லிங்கன், நான்சி ஹாங்க்ஸ். சாரா பிறப்பதற்கு எட்டு மாதம் முன்பு, ஆபிரகாம் பிறப்பதற்கு இரண்டரை ஆண்டுக்கு முன்பு. எழுபது ஆண்டுகளாக அந்தக் காகிதம் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. கல்யாண உரிமம் பெண் வீட்டார் கவுண்டியில் வாங்குவது வழக்கம். எல்லோரும் மாப்பிள்ளை குடியிருந்த ஊரில் தேடிக்கொண்டிருந்தார்கள். லிங்கன் இதைப் பார்க்காமலேயே 1865-இல் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தம் தரும் விஷயம்.

இந்த ஜாமீன் பத்திரம் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையும் இன்னொருவரும் சேர்ந்து 50 பவுண்டுக்குப் பொறுப்பேற்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குச் சட்டத் தடை ஏதாவது வெளிவந்தால் அந்தப் பணத்துக்கு அவர்கள் பொறுப்பு. காசு கைமாறாது. ஆனால் அந்த ஜாமீன்தாரர் வழிப்போக்கராக இருக்க மாட்டார். பெரும்பாலும் பெண்ணின் அப்பா, அண்ணன், சித்தப்பா, அல்லது பெண்ணை வீட்டில் வைத்திருந்தவர். அதனால் வம்சாவளி தேடுபவர்கள் மணமக்களின் பெயரைப் பார்த்த அடுத்த நொடி ஜாமீன்தாரரின் பெயரைப் பார்ப்பார்கள். இங்கே ரிச்சர்ட் பெர்ரி. 'கார்டியன்', அதாவது காப்பாளர், என்ற சொல்லும் அந்தத் தாளில் இருக்கிறது, அதைப் பெர்ரியோடு சேர்த்துப் படித்தார்கள். நான்சிக்கு அப்போது வயது 22, சட்டப்படி காப்பாளர் சம்மதம் எதுவும் தேவையில்லை. ஆனாலும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய கோட்பாடு எழுந்தது.

பெர்ரி வீடு காட்டிய வேறு வழி

கையெழுத்திட்ட ரிச்சர்ட் பெர்ரியின் அப்பா பெயரும் ரிச்சர்ட் பெர்ரிதான். அந்த அப்பாவின் மனைவி ரேச்சல் ஷிப்லி. இதை வைத்து ஒரு தரப்பு சொன்னது: நான்சியின் தாய் லூசி, பிறப்பால் ஷிப்லி. ஜேம்ஸ் ஹாங்க்ஸ் என்பவரைக் கட்டி, நான்சியைப் பெற்று, விதவையானார். அனாதைபோல ஆன குழந்தையைப் பெரியம்மா ரேச்சல் வீட்டில் வளர்த்தார்கள், அதனால்தான் பெர்ரி காப்பாளர்.

கேட்க நன்றாகவே இருக்கிறது. பெர்ரி ஏன் வந்தார் என்பதற்குக் காரணமும் சொல்கிறது. அவசரப்பட்டு இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இதைத் தாங்கும் காகிதம் எங்கே என்று கேட்டால், அந்த ஜேம்ஸ் ஹாங்க்ஸ் கல்யாணத்துக்கு ஒரு பதிவும் இல்லை.

டென்னிஸ் சொன்ன பொய்

மறுதரப்பு, லூசி பிறப்பிலேயே ஹாங்க்ஸ், உயில் எழுதிய ஜோசப்பின் மகள் என்றது. அதன் முதல் சாட்சி லிங்கனே. ஆனால் நேரடியாக அல்ல. லிங்கனின் வழக்கறிஞர் தொழில் கூட்டாளி வில்லியம் ஹெர்ன்டன் சொன்னபடி, 1850 வாக்கில் இருவரும் குதிரை வண்டியில் ஒரு வழக்குக்குப் போகும்போது லிங்கன் மனம் திறந்தார். தன் அம்மா, லூசி ஹாங்க்ஸ் என்ற பெண்ணுக்கும் வசதியான ஒரு வர்ஜீனியா நிலக்காரருக்கும் கல்யாணம் இல்லாமல் பிறந்தவர் என்றாராம். ஹெர்ன்டன் இதை எழுதியது ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து, லிங்கன் இறந்தபின். நினைவிலிருந்து எழுதியது, ஒற்றைச் சாட்சி. இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ஹெர்ன்டன் இன்னொரு வேலையும் செய்தார். லிங்கன் இறந்த கையோடு உறவினர்களைத் தேடிப் போய் விசாரித்தார். அவர்களில் முக்கியமானவர் டென்னிஸ் ஹாங்க்ஸ், லிங்கனோடு இந்தியானாவில் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவர். ஆங்கிலப் புத்தகங்கள் அவரை 'கசின்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடும். தமிழில் முறை வைத்துப் பார்த்தால் படம் தெளிவாகிவிடும். டென்னிஸின் அம்மா பெயரும் நான்சி ஹாங்க்ஸ். அவர் லூசியின் தங்கை. அதாவது லிங்கனின் தாய் நான்சிக்கு, இந்த இன்னொரு நான்சி சித்தி. சித்தி மகன் டென்னிஸ் அவருக்குத் தம்பி. லிங்கனுக்கு டென்னிஸ் மாமா முறை, பத்து வயது மூத்த மாமா. உயிலில் கிடாரி பைடியைப் பெற்றவர் இந்தச் சித்தி நான்சிதான். ஒரே குடும்பத்தில் ஒரே பெயரில் இரண்டு தலைமுறை. 1899-இல் தடுக்கி விழுந்தது இங்கேதான்.

டென்னிஸ் பிடிவாதமாக ஒன்று சொன்னார்: லிங்கனின் அம்மாவை ஹாங்க்ஸ் என்று சொல்லாதீர்கள், அவர் நான்சி ஸ்பாரோ. பதிவுகளோடு இது ஒத்துவரவே இல்லை. கல்யாணப் பதிவில் ஹாங்க்ஸ், மகன் எழுதிய கடிதத்திலும் ஹாங்க்ஸ். டென்னிஸ் தானும் கல்யாணத்துக்கு வெளியே பிறந்தவர், அந்த வலி தெரிந்தவர். அக்காவின் பெயரைக் காப்பாற்றச் சொன்னார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பாருங்கள், காப்பாற்றுவதற்கு அவர் எடுத்த பெயர் எங்கிருந்து வந்தது? ஷிப்லி என்று சொல்லவில்லை, பெர்ரி என்றும் சொல்லவில்லை. ஸ்பாரோ என்கிறார்.

மெர்சர் கவுண்டியில் லூசி

1920களில் மெர்சர் கவுண்டி ஏடுகளில் அதற்கு விடை கிடைத்தது. 1790 ஏப்ரல் 26 தேதியிட்ட ஒரு ஜாமீன் பத்திரம், மாப்பிள்ளை ஹென்றி ஸ்பாரோ, பெண் லூசி ஹாங்க்ஸ். அதோடு ஒரு சிறு தாள். எனக்கு வயது வந்துவிட்டது, ஹென்றி ஸ்பாரோ உரிமம் வாங்க நான் மனமாரச் சம்மதிக்கிறேன் என்ற பொருளில், எழுத்துப் பிழைகளோடு, லூசியே எழுதிக் கையெழுத்திட்டது. அப்பா வந்து கையெழுத்துப் போடவில்லை. கல்யாணம் நடந்தது அதற்கு ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 1791 ஏப்ரல் 3.

அதே கவுண்டியில் இன்னொரு பதிவும் இருந்தது. 1789 நவம்பரில் கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு), லூசி ஹாங்க்ஸ் மீது முறையற்ற உறவுக் குற்றம் சாட்டியிருக்கிறது. இதைக் கண்டதும், இதோ நான்சி பிறந்த கதை என்று சிலர் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். அது தவறு. நான்சி பிறந்து அப்போது ஐந்து ஆண்டு ஆகிவிட்டது. இந்தப் பதிவு சொல்வது ஒன்றுதான்: 1789-இல் லூசி சட்டப்படி கணவன் இல்லாத பெண்ணாக, ஹாங்க்ஸ் என்ற பெயரோடு, மெர்சர் கவுண்டியில் இருந்தார். உரிமத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே போன அந்த ஓராண்டுக்கும், தன் நல்ல நடத்தையைக் காட்ட லூசி அவகாசம் கேட்டார் என்று உருக்கமாக ஒரு கதை உண்டு. தாளில் அப்படி எதுவும் இல்லை.

இதற்குப்பிறகு ஸ்பாரோக்களைப் பின்தொடர்ந்தால் நூல் தானாகச் சுற்றிக்கொள்கிறது. உயிலில் கிடாரி ஜென்டிலைப் பெற்ற எலிசபெத், ஹென்றியின் சகோதரன் தாமஸ் ஸ்பாரோவைக் கட்டினார். இரண்டு ஹாங்க்ஸ் பெண்கள், இரண்டு ஸ்பாரோ பையன்கள். இந்த எலிசபெத்–தாமஸ் வீட்டில்தான் நான்சி சிலகாலம் வளர்ந்தார், டென்னிஸும் அங்கேதான் வளர்ந்தார். டென்னிஸின் வாயில் ஸ்பாரோ என்ற பெயர் வந்த வழி இதுவே. 1816 கடைசியில் லிங்கன் குடும்பம் இந்தியானாவுக்குப் போனது, அடுத்த ஆண்டு எலிசபெத்தும் தாமஸ் ஸ்பாரோவும் டென்னிஸோடு பின்னாலேயே போனார்கள். அதே பால் நோயில் 1818-இல் நான்சிக்குச் சில நாள் முன்னால் இறந்து, அவர் அருகிலேயே புதைக்கப்பட்டார்கள். காட்டைத் திருத்திக் குடியேறும் இடத்துக்குக் கூட வருபவர்கள் யார் என்பது எந்தப் பத்திரத்தைவிடவும் நம்பத்தகுந்த சாட்சி என்று நான் நினைக்கிறேன். ஷிப்லிகள் யாரும் அந்தப் பயணத்தில் இல்லை.

சின்னதாக ஒன்று. 1814-இல் மில் கிரீக் நிலத்தைத் தாமஸ் லிங்கன் விற்றபோது நான்சியும் பத்திரத்தில் வருகிறார். கணவன் நிலத்தில் மனைவிக்கு உரிமைப் பங்கு உண்டு என்பதால் அவர் சம்மதம் வேண்டும். எல்லைப்புறப் பெண்கள் காகிதத்தில் தலைகாட்டும் அபூர்வமான இடம் இது. நான்சி போட்டது எக்ஸ் குறி. அம்மா லூசி எழுதத் தெரிந்தவர். அந்த அம்மாவிடம் வளராத மகள் கீறல் மட்டும் போட்டார்.

மரபணு என்ன சொன்னது, என்ன சொல்லவில்லை

2015-இல் தாய்வழி மரபணுச் சோதனை முடிவுகள் வந்தன. மைட்டோகாண்ட்ரியாவின் மரபணு அம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகும், மகள் வழியாக மட்டும் மேலும் தொடரும். நான்சியின் ஒரே மகள் சாரா 1828-இல் பிரசவத்தில் இறந்தார், அந்தக் குழந்தையும் பிழைக்கவில்லை. ஆகவே நான்சியின் மரபணுவை நேராகப் பார்க்க வழியே இல்லை. ஆய்வாளர்கள் சுற்று வழியில் போனார்கள். லூசி ஸ்பாரோவின் மகள்கள் வழிவந்தவர்கள், ஜோசப் ஹாங்க்ஸின் மற்ற மகள்கள் வழிவந்தவர்கள், ஷிப்லி சகோதரிகள் வழிவந்தவர்கள் என மூன்று பக்கத்தையும் ஒப்பிட்டார்கள். லூசியின் பக்கமும் ஹாங்க்ஸ் சகோதரிகளின் பக்கமும் பொருந்தின. அதுவும் எக்ஸ்1சி என்ற மிக அரிதான வகையில். ஷிப்லி பக்கம் பொருந்தவில்லை. அத்தோடு ஷிப்லி கோட்பாடு முடிந்தது. லூசி, ஜோசப் ஹாங்க்ஸின் மனைவி ஆன் பெற்ற மகள், உயிலில் பெயர் இல்லாத நான்காவது மகள்.

மரபணு எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். அப்படிச் சொல்வது சரியில்லை. லூசி யாருடைய மகள் என்பதை அது தீர்த்தது. நான்சி லூசியின் மகள் என்பதற்கு இன்றும் நாம் நிற்பது லிங்கன் சொன்னதாக ஹெர்ன்டன் எழுதியதன் மேலும், டென்னிஸின் ஸ்பாரோ மேலும், இந்தியானாவில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் கல்லறைகள் மேலும்தான். ஒவ்வொன்றும் தனியாகப் பலவீனமானது. ஆனால் ஒன்றுக்கொன்று தெரியாமல் மூன்றும் ஒரே வீட்டுக்குத்தான் வழி காட்டுகின்றன. அதனால் இதை ஏற்றுக்கொள்கிறேன். பெர்ரி ஏன் ஜாமீன் போட்டார் என்பதற்கு, நான்சி அப்போது அந்த வீட்டில் தங்கியிருந்தார் என்பதே எனக்குப் போதும். காப்பாளர் என்ற சொல்லிலிருந்து ரத்த உறவைப் பிழிந்தெடுக்க வேண்டியதில்லை. நான்சியின் அப்பா யார் என்பதற்கு, அந்த வர்ஜீனியா நிலக்காரர் என்ற வார்த்தையைத் தாண்டி எந்தக் காகிதமும் இல்லை. அவருக்குப் பெயர் சூட்டிய எல்லா முயற்சியையும் தனியே எடுத்து வைக்கிறேன்.

உயிலுக்குத் திரும்பி வருகிறேன். ஜோசப் ஏன் லூசியின் பெயரை எழுதவில்லை? கோபம் என்பார்கள். இருக்கலாம். 1793-இல் லூசி கல்யாணமாகி வேறு கவுண்டியில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தவர் என்பதால் கன்று தேவைப்படவில்லை என்றும் படிக்கலாம். கடைசி வரி 'எல்லாப் பிள்ளைகளுக்கும்' என்கிறது, லூசியைத் தவிர்த்து என்று சொல்லவில்லை. லூசி ஹென்றி ஸ்பாரோவோடு நெடுங்காலம் வாழ்ந்து பிள்ளைகள் பெற்றார். அவர்களில் மகள்கள் இருந்தார்கள், அந்த மகள்களுக்கும் மகள்கள் இருந்தார்கள். 2015-இல் மரபணுச் சோதனைக்கு எச்சில் கொடுக்க ஆள் கிடைத்தது அதனால்தான்.